‘ஒவ்வொருவரும்’ போய் ‘மட்டுமே’ வந்தபோது

2024 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கே வந்துவிட்டான். “அம்மா, இதைக் கொஞ்சம் பாரேன்” என்றான். திரையில் ஒரு மசோதா. எங்கள் மாநில அரசியலமைப்பில் யார் வாக்களிக்கலாம் என்று சொல்லும் வாசகத்தைத் திருத்துவது, நவம்பர் தேர்தலில் மக்கள் முடிவுக்கு வரவிருந்தது. அதில் ஒரு வாக்கியத்தின் முதல் பாதி குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே புதுச் சொற்கள், அடிக்கோட்டுடன். அடிபட்ட பாதியை இரண்டு முறை படித்தேன். என்னையும் என் அம்மாவையும் குறிக்கிற சொல் அதற்குள்தான் இருந்தது.

நாங்கள் இருப்பது வட கரோலினா மாநிலத்தில், வேக் கவுன்டியில் உள்ள கேரி. கேரி, மோரிஸ்வில் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் வேலைக்கென்று வந்து, கிரீன் கார்டு வாங்கி, பிறகு சிட்டிசன்ஷிப் வாங்கி, வேர் பிடித்தவர்கள். நானும் அப்படித்தான். அப்பா தவறிய பிறகு அம்மாவுக்கு 2006-இல் கிரீன் கார்டு கிடைத்தது. 2022-இல் அவர் குடியுரிமை உறுதிமொழி எடுத்தார். மகன் டர்ஹாமில் பிறந்தவன். 2024-இல்தான் அவனுக்கு 18 முடிந்தது. நவம்பர் 5 தேர்தல் அவனுக்கும் முதல் தேர்தல், அவன் பாட்டிக்கும் முதல் அதிபர் தேர்தல்.

மாநில அரசியலமைப்புச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, முதல் உட்பிரிவு அதுவரை இப்படி இருந்தது: அமெரிக்காவில் பிறந்த ஒவ்வொருவரும், வெளியிலிருந்து வந்து குடியுரிமை பெற்ற ஒவ்வொருவரும், 18 வயது நிரம்பி மற்றத் தகுதிகளும் இருந்தால் வாக்களிக்க உரிமை உடையவர்கள். மகன் முதல் பாதி, அம்மாவும் நானும் இரண்டாம் பாதி. ஒரே வாக்கியத்தில் எங்கள் வீடு மொத்தமும் அடங்கியிருந்தது. திருத்தம் அந்த இரண்டு பாதியையும் எடுத்துவிட்டு, 18 வயது நிரம்பித் தகுதியுள்ள ‘அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே’ வாக்களிக்க உரிமை உடையவர்கள் என்று வைத்தது.

ஆனால் வாக்குச்சீட்டில் இந்த அடித்தல் எதுவும் தெரியாது. அங்கே இருப்பது ஒரே ஒரு நீள வாக்கியம்: 18 வயது நிரம்பி மற்றத் தகுதிகளும் உள்ள அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே இம்மாநிலத் தேர்தல்களில் வாக்களிக்கலாம் என்று வகை செய்யும் அரசியலமைப்புத் திருத்தம். கீழே இரண்டு வட்டம், ஆதரவு, எதிர்ப்பு. படிக்கிற யாருக்கும், ஏதோ இதுவரை குடிமக்கள் அல்லாதவர்களும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், இனிமேல் தடுக்கப்போகிறார்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் தடை ஏற்கெனவே இருந்தது. கூட்டரசுத் தேர்தலில் குடிமகன் அல்லாதவர் வாக்களிப்பது 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாநிலச் சட்டமும் அனுமதிக்கவில்லை. 2016 தேர்தலை மாநிலத் தேர்தல் வாரியம் தணிக்கை செய்தபோது, சுமார் 48 லட்சம் வாக்குகளில் குடிமக்கள் அல்லாதவர்கள் போட்டது 41 என்று தெரிய வந்தது. அதைக் கண்டுபிடிக்க இந்தத் திருத்தம் தேவைப்படவில்லை.

சரி, அப்படியென்றால் என்னதான் மாறியது? இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலைந்து நாள் ஆனது. பிடி கிடைத்தது தமிழில் யோசித்தபோதுதான். ‘ஒவ்வொருவரும்’ என்றால் இன்னார் எல்லாருக்கும் உண்டு என்று உறுதி கொடுப்பது. ‘மட்டுமே’ என்றால் இன்னாரைத் தாண்டிக் கிடையாது என்று எல்லை கட்டுவது. கல்யாணப் பத்திரிகையில் ‘அனைவரும் வருக’ என்று போடுவதற்கும், வாசலில் ‘அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும்’ என்று எழுதி மாட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். உள்ளே உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் அதே ஆட்களாக இருக்கலாம். ஆனால் அந்த வீடு முதலில் எதை நினைக்கிறது என்பது மாறிவிடுகிறது.

இது எங்கள் மாநிலத்தில் மட்டும் நடந்ததில்லை. 2020-இல் அலபாமா, கொலராடோ, புளோரிடா இதே மாற்றத்தைச் செய்தன. 2022-இல் ஒகையோவும் லூசியானாவும் செய்தன. 2024 நவம்பரில் ஒரே நாளில் எட்டு மாநிலங்கள்: ஐடஹோ, ஐயோவா, கென்டக்கி, மிசூரி, வட கரோலினா, ஓக்லஹோமா, தென் கரோலினா, விஸ்கான்சின். ஆதரித்தவர்கள் சொன்ன காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். மேரிலாந்தின் டகோமா பார்க் போன்ற சில ஊர்களில் உள்ளாட்சித் தேர்தலுக்குக் குடிமக்கள் அல்லாதவர்களும் வாக்களிக்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பெற்றோர், குடிமக்கள் இல்லாவிட்டாலும், பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்க 2016-இல் வழி செய்தார்கள். ‘ஒவ்வொருவரும்’ என்ற சொல் மற்றவர்களை வெளியே நிறுத்துவதில்லை, அதனால் நாளைக்கு நம் ஊரிலும் ஒரு நகரமன்றம் அப்படிச் செய்யலாம், முன்கூட்டியே கதவைச் சாத்துகிறோம் என்றார்கள். என் தமிழ் நண்பர்கள் பலரும் அதை ஏற்றுத்தான் ஆதரவாகப் போட்டார்கள். அவர்களோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. எனக்கு உறுத்தியது வேறு. கதவைச் சாத்த ‘குடிமக்கள் மட்டும்’ என்று சேர்த்தால் போதும். ‘குடியுரிமை பெற்ற ஒவ்வொருவரும்’ என்பதை எடுக்க வேண்டிய அவசியம் என்ன?

அந்தச் சொற்களின் வயதைத் தேடிப் பார்த்தேன். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1868-இல் எழுதிய மாநில அரசியலமைப்பிலேயே அவை இருக்கின்றன. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்த சட்டம் அது. ‘அமெரிக்காவில் பிறந்த ஒவ்வோர் ஆணும், குடியுரிமை பெற்ற ஒவ்வோர் ஆணும்’ என்று இருந்தது. பிறகு ‘ஆண்’ போனது, 21 வயது 18 ஆனது. ‘குடியுரிமை பெற்ற’ மட்டும் 150 வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றது.

அதே ஆறாவது பிரிவில் இன்னும் கொஞ்சம் கீழே போனால் நான்காவது உட்பிரிவு வருகிறது. பதிவு செய்ய வரும் ஒவ்வொருவரும் அரசியலமைப்பின் எந்தப் பகுதியையும் ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அது. 1900-இல் கறுப்பின மக்களின் ஓட்டைப் பறிப்பதற்கென்றே சேர்த்தது. 1867 ஜனவரி 1-க்கு முன் வாக்குரிமை இருந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் 1908 வரை விலக்கும் கொடுத்தார்கள். அதாவது எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளையர்களுக்கு விலக்கு. லூயிஸ் லாசிட்டர் என்ற கறுப்பினப் பெண்மணி இதை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். 1959-இல் அவர் தோற்றார். 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும்தான் இந்தச் சோதனையைச் செல்லாக்காசாக்கின. 1970-இல் அந்த வரியை நீக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள், வேண்டாம் என்று போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அது ஏட்டில் இருக்கிறது.

என் அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. 55 வயதுக்கு மேல், கிரீன் கார்டு வாங்கி 15 வருஷம் ஆனவர்களுக்குக் குடியுரிமைத் தேர்வில் ஆங்கிலச் சோதனை கிடையாது. மொழிபெயர்ப்பாளரை வைத்து அவரவர் மொழியில் பதில் சொல்லலாம். அம்மா அப்படித்தான் தமிழில் சொல்லித் தேறினார். அரசியலமைப்பு என்றால் என்ன என்று கேட்டதற்கு “நாட்டோட தலையாய சட்டம்” என்று சொன்னதை இப்போதும் பெருமையாகச் சொல்வார். அவரைச் சேர்த்துக்கொண்ட சொல் 2024-இல் நீங்கியது. அவரைத் தடுப்பதற்குத் தோதான செத்த வரி அப்படியே கிடக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில். நான் எதிர்ப்பு என்ற வட்டத்தை நிரப்பியதற்கு இதுதான் காரணம்.

இதற்கிடையே வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்தது. திருத்தம் நிறைவேறினால் இங்கே பிறக்காதவர்களின் ஓட்டு போய்விடுமாம். அம்மா அதைக் கேட்டுவிட்டு, “அப்போ நான் இந்த ஒரு தடவைதான் போட முடியுமா?” என்றார். அந்தக் கேள்வி வயிற்றைப் பிசைந்தது. இல்லம்மா, குடியுரிமை வாங்கியவர்களும் முழுக் குடிமக்கள்தான், அது நாட்டின் அரசியலமைப்பில், 14-ஆவது திருத்தத்திலேயே இருக்கிறது, இந்த மாநிலம் நினைத்தாலும் அதில் கை வைக்க முடியாது என்று விளக்கினேன். குழுவிலும் அதையே எழுதினேன். ஒரு திருத்தம் பிடிக்கவில்லை என்பதற்காக அதன் விளைவைப் பெரிதாக்கிச் சொன்னால், கடைசியில் பயந்து வீட்டில் உட்காருவது நம் வீட்டுப் பெரியவர்கள்தான்.

நான் கற்றுக்கொண்டதில் முதலாவது, வாக்குச்சீட்டில் உள்ள வாசகத்தை மட்டும் படித்துவிட்டு அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஓட்டுப் போடக் கூடாது என்பது. சீட்டில் சேர்ப்பது தெரியும், நீக்குவது தெரியாது. மசோதாவின் எண்ணைக் கண்டுபிடித்து (எங்களுடையது ஹவுஸ் பில் 1074) மாநிலச் சட்டமன்ற இணையதளத்தில் தேடினால், பழைய சொற்கள் கோடு போட்டும் புதியவை அடிக்கோடிட்டும் இருக்கும். இங்கே இன்னொரு வசதியும் உண்டு. மாநிலச் செயலாளர், அட்டர்னி ஜெனரல், சட்டமன்றப் பணிகள் அதிகாரி மூவரும் அடங்கிய ஓர் ஆணையம் ஒவ்வொரு திருத்தத்துக்கும் எளிய நடையில் விளக்கம் எழுதி வெளியிட வேண்டும். இந்த மாநிலத்தில் மக்களாகக் கையெழுத்து வாங்கித் திருத்தம் கொண்டுவர முடியாது. சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். பிறகு மக்களிடம் சாதாரணப் பெரும்பான்மை போதும், ஆளுநரின் கையெழுத்துக்கு அதில் இடமில்லை. அதனால் நம் கையில் இருக்கும் ஒரே கட்டம் அந்தச் சீட்டுத்தான்.

அதுவும் சீட்டின் கடைசியில். அதிபர், ஆளுநர், நீதிபதிகள், கவுன்டி ஆட்கள் என்று வரிசையாக நிரப்பிக் களைத்த பிறகு திருத்தம் வரும். பலர் அங்கே வந்ததும் பேனாவை மூடிவிடுவார்கள். மாதிரிச் சீட்டை வீட்டிலேயே அச்செடுத்துக் குறித்துக் கையில் எடுத்துப் போவது எவ்வளவோ மேல். ஒன்று நினைவில் இருக்கட்டும், நிரப்பிய சீட்டை வட கரோலினாவில் போட்டோ எடுப்பது சட்ட விரோதம். முதல் ஓட்டு என்று பிள்ளைகள் ஆசையாக எடுத்துவிடுவார்கள், முன்பே சொல்லி வையுங்கள்.

எர்லி வோட்டிங் அக்டோபர் 17-இல் தொடங்கி நவம்பர் 2 வரை. நாங்கள் ஒரு வேலை நாளில், கூட்டம் குறைந்த பிற்பகலில் போனோம். முன்கூட்டிப் போடும்போது கவுன்டியில் உள்ள எந்த மையத்துக்கும் போகலாம். பதிவு செய்ய மறந்தவர்கள் அங்கேயே பதிவு செய்து அன்றைக்கே போடலாம். தேர்தல் நாளில் போனால் அந்த வசதி இல்லை. விலக்கு, பதிவுக் கெடு முடிந்த பிறகு குடியுரிமை பெற்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டும். அவர்கள் தேர்தல் நாளிலும் பதிவு செய்து வாக்களிக்கலாம். இது தெரியாமல் அக்டோபர் கடைசியில் உறுதிமொழி எடுத்துவிட்டு, அடுத்த தேர்தலுக்குத்தான் என்று விட்டவர்கள் எங்கள் பழக்கத்திலேயே உண்டு.

மேசையில் இருந்த பெண்மணி அம்மாவின் பெயரையும் முகவரியையும் கேட்டார். அம்மாவின் அடையாள அட்டையில் பெயர் முழுதாக, பின்னால் அப்பாவின் பெயர். வாக்காளர் பட்டியலிலோ அப்பாவின் பெயர் முன்னால் வந்துவிட்டது. நம் ஊர் இனிஷியலை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் போட்டோம் என்பதில் வந்த குழப்பம். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. அட்டையில் உள்ள பெயர் பட்டியலில் உள்ளதோடு அச்சு அசலாக ஒத்திருக்கத் தேவையில்லை, ஏறக்குறைய ஒத்திருந்தால் போதும் என்பதுதான் விதி. அந்தப் பெண்மணி பொறுமையாக இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். நிதானமாக, ‘ள்’ சுழித்து, புள்ளி வைத்து. அந்தப் பெண்மணி தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்து, “அழகான எழுத்து, இது என்ன மொழி?” என்று கேட்டார். நான் சொல்வதற்குள் அம்மாவே “டமில்” என்றார்.

உள்ளே நான் அம்மாவுடன் நின்றேன். வட கரோலினாவில் நெருங்கிய உறவினர் உதவ அனுமதி உண்டு. எழுதப் படிக்க இயலாதவர் தான் விரும்பும் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கூட்டரசு வாக்குரிமைச் சட்டமும் சொல்கிறது. வேலை கொடுப்பவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. இங்கே தமிழில் சீட்டுக் கிடையாது. அதனால் ஒவ்வொரு வரியையும் மெல்லிய குரலில் தமிழில் சொன்னேன், வட்டத்தை அவரே நிரப்பினார். பின்பக்கம் திருத்தம் வந்தது. என் கருத்தைச் சொல்லிவிடத் துடித்தது நாக்கு. சொல்லவில்லை. பழைய வாசகம் இது, புதிய வாசகம் இது என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து நிரப்பினார். என்ன போட்டார் என்பது கண்ணில் பட்டது, அதை எழுத மாட்டேன், அது அவருடையது. உதவிக்குப் போகிற பிள்ளைகள் இந்த இடத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும். தாளை இயந்திரத்தில் விட்டதும், “விரல்ல மை வைக்க மாட்டாங்களா?” என்று கேட்டார். ஸ்டிக்கர் கொடுத்தார்கள். சேலை முந்தானையில் ஒட்டிக்கொண்டார்.

திருத்தம் நிறைவேறியது. நூற்றுக்கு 77-க்கும் மேல் ஆதரவு.

அதே தேர்தலில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி இடம் ஒன்றுக்குப் போட்டியிட்ட அலிசன் ரிக்ஸ், ஜெபர்சன் கிரிஃபின் இருவருக்கும் வித்தியாசம் 734 வாக்குகள். 60,000-க்கும் மேற்பட்டவர்களின் வாக்குகளைச் செல்லாததாக்கக் கோரி கிரிஃபின் வழக்குத் தொடுத்தார். அதில் பெரும்பாலானவர்கள், பதிவேட்டில் லைசென்ஸ் எண்ணோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் (அரசு ஒவ்வொருவருக்கும் தரும் எண்) கடைசி நான்கு இலக்கங்களோ இல்லாதவர்கள். 2025 மே மாதம் கூட்டரசு நீதிபதி ரிச்சர்ட் மையர்ஸின் தீர்ப்புக்குப் பிறகுதான் அது முடிவுக்கு வந்தது. ரிக்ஸ் வென்றார். எங்கள் தெருவில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. பல தேர்தல்களில் தவறாமல் போட்டவர். ஆறு மாதம் அவர் ஓட்டு எண்ணப்படுமா என்று தெரியாமல் இருந்தார். எனக்கு அரசியலமைப்பு வாசகத்தைவிட இந்த அனுபவம்தான் அதிகம் பயம் தந்தது. ஆகவே சொல்கிறேன், தேர்தல் இல்லாத மாதத்தில் மாநிலத் தேர்தல் வாரிய இணையதளத்தில் உங்கள் பதிவைத் திறந்து பாருங்கள். குடியுரிமைச் சான்றிதழ், லைசென்ஸ், வாக்காளர் பதிவு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். மையத்தில் உங்கள் பெயர் இல்லை என்றால் திரும்பி வராதீர்கள், தற்காலிகச் சீட்டு (தகுதியைச் சரிபார்த்த பிறகு எண்ணுவது) கேளுங்கள், அது உங்கள் உரிமை.

கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேறொரு மாநிலத்தில் இருக்கும் தம்பி முறை உள்ள ஒருவர், லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் நீட்டிய திரையில் எல்லாவற்றுக்கும் சரி என்று தட்டிக்கொண்டே போய்விட்டார். மூன்று வாரத்தில் வாக்காளர் அட்டை வீட்டுக்கு வந்தது. ஓட்டுப் போடவில்லை, ஆனால் பதிவே வினைதான். குடியுரிமை விண்ணப்பத்தில், எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா என்ற கேள்வி இருக்கிறது. தன்னைக் குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக ஆகிவிட்டால் நாடு கடத்தலே வரலாம். அவர் வக்கீலைப் பார்த்து, பதிவை எழுத்து மூலம் ரத்து செய்து, அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்தி, குடியுரிமை விண்ணப்பத்தை ஒரு வருஷம் தள்ளிப் போட்டார். லைசென்ஸ் அலுவலகத்தில் வாக்காளர் பதிவு பற்றிய கேள்வி வந்தால் நின்று படித்து, வேண்டாம் என்று அழுத்துங்கள். தவறி நடந்துவிட்டால் மறைக்காதீர்கள், உடனே குடியேற்ற வக்கீலிடம் போங்கள்.

அம்மாவின் பெயரைப் பட்டியலில் சரி செய்ய, புதுப் படிவம் நிரப்பிக் கவுன்டி தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்பினோம். திருத்திய அட்டை தபாலில் வந்தது. அம்மா அதை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பெயரையும் அப்பாவின் பெயரையும் ஒவ்வோர் ஆங்கில எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். “இப்ப சரியா இருக்கில்ல?” என்றார். சரியாக இருந்தது.